மாமா பேசினால் பறவை பறக்கும்

மிளகுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

ஆள் சின்னது, காரம் பெரிது. அதனால் வீட்டில் எல்லாருக்கும் அவள் மிளகுதான்.

விடுமுறை முழுக்க அவள் காத்திருந்தது இந்த ஒரு காலைக்காக. சதுப்பு நிலத்துக்குள் கயாக் படகில் போய் தண்ணீரில் முங்கி எழும் முக்குளிப்பான் பறவையைப் பார்க்க வேண்டும். பெரியவர் யாராவது கூட வந்தால்தான் படகு தருவார்கள். அம்மாவுக்கு வேலை. மாமாதான் வந்தார்.

மாமா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. இன்று அவருக்கு விடுமுறை. அவர் வாய்க்கு இல்லை.

“இடது பக்கம் ஒரு கொக்கு!”

கொக்கு பறந்தது.

“வலது பக்கம் ரெண்டு நீர்க்காகம்!”

இரண்டும் பறந்தன.

“மெதுவா பேசுங்க மாமா!” முன்னால் உட்கார்ந்திருந்த மிளகு பல்லைக் கடித்தாள்.

“மெதுவாத்தானே பேசறேன்?”

அந்த ‘மெதுவா’வில் நாணலுக்குள் இருந்த ஒரு கூட்டமே எழுந்து போனது. இதுவரை மிளகு பார்த்ததெல்லாம் பறவைகளின் வால்கள்தான்.

மாமா நிறுத்தவில்லை. படகின் நிறத்தைப் பற்றிப் பேசினார். பல் வலியைப் பற்றிப் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய நாற்காலியைப் பற்றியும் பேசினார்.

எட்டு மணிக்குள் படகைத் திருப்பித் தர வேண்டும். இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

அப்போது அல்லி இலைகளுக்கு நடுவே பந்துபோல ஒரு குட்டிப் பறவை மேலே வந்தது. முக்குளிப்பான்! மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அட, வாத்துக் குஞ்சு!” என்றார் மாமா.

ஒரே முக்கு. பறவையைக் காணோம்.

“போதும் மாமா!” மிளகு வெடுக்கென்று திரும்பினாள். படகு ஆடியது.

“ஐயோ! ஆட்டாதே, ஆட்டாதே!”

திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. மாமாவின் முகம் வெளுத்திருந்தது. துடுப்பை யாரோ பிடுங்க வந்ததுபோல அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மாமா, பயமா இருக்கா?”

“எனக்கா? நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “எனக்கு நீச்சல் தெரியாது. பேசிக்கிட்டே இருந்தா பயம் தெரியறதில்ல.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“நீ எவ்வளவு ஆசையா கேட்டே! எப்படி வர மாட்டேன்னு சொல்றது?”

மிளகின் கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை விழுங்கிக்கொண்டு, தன் துடுப்பைத் தண்ணீருக்குள் நட்டாள். அது தரையைத் தொட்டது. வெளியே எடுத்துக் காட்டினாள்.

“பாருங்க, இவ்வளவுதான் நனைஞ்சிருக்கு. நீங்க இறங்கி நின்னா உங்க முழங்காலுக்குத்தான் வரும்.”

“முழங்காலுக்கா?”

“வேணும்னா நீங்களே பாருங்க.”

மாமா தன் துடுப்பையும் விட்டுப் பார்த்தார். சந்தேகம் தீராமல் அந்தப் பக்கமும் விட்டுப் பார்த்தார். முழங்காலுக்குத்தான். வெட்கத்தோடு சிரித்தார்.

மிளகு படகை நாணல் புதருக்குள் செருகினாள். “இந்தத் தண்டைப் பிடிச்சுக்கோங்க. படகு ஆடவே ஆடாது.”

மாமா பிடித்துக்கொண்டார். அவர் தோள்கள் மெல்ல இறங்கின. பேச்சும் நின்றது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒரு தும்பி வந்து மாமாவின் மூக்கில் உட்கார்ந்தது. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

அல்லி இலைகள் அசைந்தன. முக்குளிப்பான் வெளியே வந்தது. அதன் முதுகில், சிறகுக்கு இடையிலிருந்து, கோடு போட்ட குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன!

மிளகு சத்தமில்லாமல் குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: முக்குளிப்பான் ஒன்று, குஞ்சுகள் மூன்று.

அவள் காதருகே காற்றைப்போல ஒரு குரல் கேட்டது.

“வாலுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு பாரு.”

மிளகு உற்றுப் பார்த்தாள். இருந்தது. மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள்.