நாலு பச்சை விளக்கு

ஒரு வருடமாக யாரும் தொடாத, ஸ்குரூ முடுக்கும் கை மிஷினின் அந்தப் பேட்டரி, எழிலரசியின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. தோல் பதனிடும் டேனரியின் மெயின்டனன்ஸ் ரூம் அலமாரியில், வெயிலே எட்டிப் பார்க்காத மூலையில் தூசி படிந்து கிடந்தது அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிஷின் எதுவும் ஓடவில்லை. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த நாற்றம் அடங்கிக் கிடக்க, ஆம்பூர் வானத்தில் திரண்ட மழை பட்டப்பகலையே இருட்டாக்கியிருந்தது.

"அத்த வெச்சிடு எழிலு. அது வசந்த்தோடது," என்றார் ஃபோர்மேன் இருதயராஜ். பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்தார்.

"இன்னாண்ணா, செத்தவன் வந்து திருப்பிக் கேக்கப் போறானா?"

வசந்த் அவளுக்கு முன்னால் இங்கே ஃபிட்டராக இருந்தவன். தோல் சுழற்றும் பெரிய மர டிரம்முக்குள் அவன் வேலை செய்துகொண்டிருந்தபோது யாரோ வெளியிலிருந்து கதவுப் பலகையை ஸ்குரூ போட்டு மூடிவிட்டார்கள். உள்ளேயே செத்துப்போனான். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதே டிரம்முக்குள் தோலைப் புரட்டும் கட்டைகள்தான் இப்போது ஆட்டம் கண்டிருந்தன. காலையில் தோல் ஏற்றியாக வேண்டும். அவளுடைய பேட்டரி பாதி வேலைக்குக்கூடத் தாங்காது. பொம்பளை பயந்துட்டா என்று நாளைக்கு ஷிஃப்ட் முழுக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க எழிலரசிக்குப் பொறுமை கிடையாது.

சார்ஜரில் மாட்டினாள். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. அடியோடு இறங்கிப்போன பேட்டரியைச் சார்ஜர் சீந்தாது. அதற்கு ஃபிட்டர்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. செய்யக் கூடாது என்று தெரிந்தேதான் எல்லோரும் செய்வார்கள். சார்ஜ் உள்ள பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துச் செத்த பேட்டரியின் முனைகளில் கொஞ்ச நேரம் வைத்தால், அது கண் விழித்துக்கொள்ளும்.

வைத்தாள். சார்ஜ் அளவு காட்டும் நான்கு பச்சை விளக்குகளும் அதில் ஒன்றாக எரிந்தன. அந்த நொடியே அவளுடைய பேட்டரி ஒட்ட இறங்கிப்போனது.

"மனசு சரியில்ல எழிலு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"நீ கதவாண்ட உக்காருண்ணா. அது போதும்."

வசந்த் போன பிறகு வந்த வழக்கம் இது. ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் வெளியே உட்கார வேண்டும். மரத்தில் இரண்டு தட்டு தட்டினால், இருக்கிறேன் என்று அர்த்தம்.

உள்ளே ஈரப் பலகைகள் காலடியில் வழுக்கின. போன் வெளிச்சத்தில் கட்டைகளின் நிழல்கள் வளைந்த சுவரெங்கும் நீண்டு குறுகின. ஆயிரம் மாட்டுத்தோல்கள் புரண்டு ஊறிய வாடை தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வசந்த்தின் பேட்டரியில் கை மிஷின் சளைக்காமல் ஓடியது. எத்தனை ஸ்குரூ முடுக்கினாலும் நான்கு விளக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவளுக்கோ கை கால் எல்லாம் அசந்து வந்தது.

"அண்ணா, இருக்கியா?"

டொக். டொக்.

போன் அடித்தது. இருதயராஜ்.

"எழிலு, தண்ணி லாரி வந்துச்சு, கேட்டாண்ட நிக்கிறேன். போய்ட்டு வர்றேன்னு சொன்னதுக்கு ரெண்டு தட்டு தட்னியே?"

அவள் தட்டவில்லை.

"அண்ணா, நீ உடனே..."

நிறைய சார்ஜ் இருந்த போன் பொசுக்கென்று அணைந்தது. வெளியே, பக்கத்திலேயே, டொக். டொக்.

கதவுப் பலகை வந்து பொருந்தியது. இருட்டு. பச்சைப் புள்ளிகள் மட்டும். வெளியே ஒரு மிஷின் உறுமியது. மரத்தைத் துளைத்துக்கொண்டு முதல் ஸ்குரூ வந்தது.

 பயத்தைவிட வேகமாகக் கோபம் வந்தது.

பேட்டரியைப் பிடுங்கினாள். அவள் கையிலிருந்த மிஷின் செத்தது. வெளியே ஓடியது நிற்கவில்லை. பேட்டரியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கதவில் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"எவன்டா அது? ஒருத்தன மூடுன, சும்மா உட்டாங்க. நான் எழிலரசி. தொறந்து வந்தேன்னா உன்ன உட மாட்டேன்!"

தள்ளினாள். இன்னொரு ஸ்குரூ. தள்ளினாள். பலகை நெரிந்தது. இரும்பு முனை அவள் விரல்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. கையை எடுக்கவில்லை.

பலகை திடீரென்று கூடுதலாக அசைந்தது. அவள் பலத்துக்கு அவ்வளவு அசையாது.

நெஞ்சிலிருந்த பச்சை வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் கைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கைகள். நகம் ஒன்றுகூட இல்லை. அவையும் உள்ளேயிருந்துதான் தள்ளிக்கொண்டிருந்தன.

அப்படியானால் வெளியே இருப்பது?

"தள்ளு வசந்த்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான்கு கைகளும் தள்ளின. அடுத்த ஸ்குரூ நிதானமாகத் திரும்பிக்கொண்டே உள்ளே வந்தது.