பதினாலாவது பெயர்

"இருக்கேன்!"

அந்தக் குரல் அமலோற்பவத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசிப்பதை நிறுத்தினாள். பயப்படாமல் என்ன செய்வாள்? அவள் வாசித்துக்கொண்டிருந்தது செத்தவர்களின் பட்டியல் ஆயிற்றே...

1927, நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். மலாயாவில் கிள்ளானுக்கு வெளியே, ரப்பர்ப் பால்மரக் காட்டை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். மணி நாலுதான். ஆனால் மழை கட்டியிருந்ததில் மரங்களுக்கு இடையே அப்போதே இருட்டு உட்கார்ந்துவிட்டது.

கூடியிருந்தவர்கள் நல்மரணச் சபையார். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நல்ல சாவு வேண்டும் என்று செபிக்க ஆரம்பித்த சபைதான். தோட்டத்துக் காய்ச்சலில் ஆட்கள் மளமளவென்று சாய்ந்த பிறகு, நல்ல வாழ்வும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் செத்தவர்களின் பெயரை எழுதி வருவார்கள். மாதக் கடைசியில் பங்குச் சாமியார் அதைக் கோலாலம்பூர் லேபர் ஆபீஸுக்குக் கொண்டுபோவார். இத்தனை பேர் செத்தார்கள் என்று காட்டினால்தானே ஒரு நல்ல கிணறும், மருந்து கொடுக்க ஓர் ஆளும் கேட்க முடியும்?

பட்டியலை வாசிப்பதற்கும் அவர்களிடம் ஒரு முறை உண்டு. தோட்டத்தில் விடியற்காலையில் கங்காணி பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். "இருக்கேன்யா" என்று பதில் சொன்னால்தான் அன்றைக்கு அவன் ஆள். செத்தவன் எப்படிப் பதில் சொல்வான்? அதனால் பெயரை வாசித்ததும் வேறு யாராவது ஒரு மெழுகுவத்தியை உயர்த்தி, அவனுக்காக "இருக்கேன்" என்பார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டீச்சராக இருந்த அமலோற்பவத்துக்கு நல்ல கணீர்க் குரல். வாசிப்பு அவள் பொறுப்பு.

பதின்மூன்று பெயர் ஒழுங்காகப் போயிற்று.

"தனிஸ்லாஸ்..." என்று பதினாலாவதை வாசித்தாள். மெழுகுவத்தி உயர்வதற்கு முன்னால்தான் அந்த "இருக்கேன்!"

திரும்பினாள். ஒரு மரச் சிலுவைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளைக் கோட்டு வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்தக் கண்கள் மட்டும்... அப்பப்பா, என்ன கண்கள்! யாராவது தன்னைப் பார்த்துவிட மாட்டார்களா என்று கெஞ்சும் கண்கள்.

"யாருங்க நீங்க? செத்தவங்க காரியத்துல என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லீங்க. அது என் பேரு. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி நான்தான்."

அவள் பக்கத்தில் நின்ற மதலேனாளைப் பார்த்தாள். லயத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். அந்தப் பெயரைக் கொடுத்ததும் அவள்தான்.

"மதலேனாக்கா, இவரு..."

"எவரு?" மதலேனாள் அவன் நின்ற இடத்தை நிதானமாகப் பார்த்தாள். "அங்க யாரும் இல்லியே டீச்சரம்மா."

மற்றப் பெண்களும் பார்த்தார்கள். பார்வை அவனைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருந்த மரத்துக்குப் போயிற்று. ஒருத்தி மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள். அமலோற்பவம் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். மாதாவே... நான் ஒருத்திதான் பார்க்கிறேனா?

அவன் நாலு எட்டு முன்னால் வந்தான். வாசிக்க அவள் பிடித்திருந்த மெழுகுவத்தி சரிந்து, சூடான மெழுகு அவன் புறங்கையில் சொட்டியது.

"ஸ்ஸ்... ஆ!"

"சுடுதா?" என்றாள் ஆவலாக.

"சுடாம? நீங்க சந்தோஷப்படுறீங்களே!"

"பேய்க்குச் சுடாதுன்னு சொல்லுவாங்க..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மழை கொட்டியது. எல்லாருடைய மெழுகுவத்தியும் அணைந்தது. பதினாலாவது பெயருக்காக ஏற்றிய அந்த ஒன்று மட்டும், சேற்றில் நட்டு வைத்தபடி, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

*

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதே வெள்ளைக் கோட்டு பிரிக்பீல்ட்ஸில் அமலோற்பவத்தின் ரயில்வே குடியிருப்பு வாசலில் வந்து நின்றது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் கதவைத் திறந்து வைத்தபடியே முன்கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? பயம்தான். வேறென்ன? பயமேதான்...

"கோப்பி குடிக்கிறீங்களா?"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பட்டியல்ல பேரு ஏறினதுலேருந்து பதினெட்டு நாளாச்சு டீச்சர், என் மூஞ்சியைப் பார்த்து ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டு."

கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான். கடையில் போய் உட்கார்ந்தால் கிளாஸ் வைப்பதில்லையாம். லயத்துப் பக்கம் நடந்தால் வரிசையாகக் கதவு சாத்துகிறதாம். ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்கிறவர்கள் அவன் தலைக்கு மேலே பார்த்துப் பேசுகிறார்களாம். செத்தவனோடு யார் பேசுவார்கள்?

"காலையில சவரம் பண்ணக் கண்ணாடி எடுக்கவே கை வரமாட்டேங்குது."

"ஏன்?"

"உள்ள ஆளு தெரியலேன்னா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"உங்க பேரை ஏன் கொடுத்தீங்கன்னு மதலேனாக்காகிட்டக் கேட்டேன்," என்றாள். "அவங்க புருஷன் இன்னாசி காய்ச்சல்ல செத்தாரு. மடியில வச்சிருந்து கண்ணை மூடினவங்க அவங்கதான். உங்க புஸ்தகத்துல ‘ஓடிவிட்டான்’னு இருக்கு. எவளோடயோ ஓடினவன் பொண்டாட்டின்னு ஊரு சிரிக்குது. ‘உயிரோட இல்லாதவரை ஓடினாருன்னு அவன் எழுதலாம்னா, உயிரோட இருக்கிறவனைச் செத்தான்னு நான் எழுதக் கூடாதா’ன்னு கேட்டாங்க."

தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னாசி மட்டும் இல்ல. பதினோரு பேரு. செத்தவங்க கணக்கு ஏறினா மேலேருந்து விசாரணை வரும்னு துரை சொன்னாரு. எழுதினேன்." குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்றேன், நம்புவீங்களா? பெரட்டுல நிக்கிற ஆளு அம்பத்திரண்டு. கங்காணி கூப்பிடக் கூப்பிட நான் புள்ளி போட்டுக்கிட்டே வருவேன். கடைசி ஆளு ‘இருக்கேன்யா’ன்னு சொன்னதுக்கு அப்புறம், பால்மரத்துக்குள்ளேருந்து இன்னும் பதினோரு சத்தம் வருது. ஒண்ணொண்ணா... தள்ளித் தள்ளி..."

உள்ளே முறத்துச் சத்தம் நின்றது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும்.

"அந்தப் பதினோரு பேரையும் எழுதிக் கொடுத்துருங்க," என்றாள் அமலோற்பவம் மெல்ல.

"கொடுத்தா அன்னிக்கே வேலை போச்சு, வீடு போச்சு. துரை சொன்னதை எழுதுறதுதானே டீச்சர் கிராணி வேலை?"

"பேனா துரை கையிலயா இருந்துச்சு?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எழுந்துவிட்டான்.

"உபதேசம் கேக்க ரயிலேறி வரல. என் பேரை அடிங்க. அது போதும்."

பட்டியல் மேஜைமேல்தான் இருந்தது. பென்சிலும் இருந்தது. ஒரே ஒரு கோடு. அடித்துவிடேன் என்று மனசு கெஞ்சியது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்வது லேசான காரியமா?

"பேரைக் கொடுத்தவங்கதான் எடுக்கணும். அது சபை வழக்கம்," என்றாள்.

"சரி. அப்ப நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்!"

குடை இல்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டான். கிளாஸில் பாதிக் கோப்பி மிச்சம் இருந்தது. பெரிய ரோஷக்காரர்... போகட்டும்! என்றுதான் நினைத்தாள். ஆனால் சாயங்காலம் வரை அந்தக் கிளாஸைக் கழுவ மனசு வரவில்லை.

*

நவம்பர் முப்பது. மறுநாள் காலையில் சாமியார் புறப்பட வேண்டும். கடைசி முறையாகப் பட்டியல் வாசிக்கச் சபை கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.

கிராணிக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செத்தவனுக்கு ஏது காய்ச்சல் என்று இன்னொருத்தி சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வாயால்தானே அவர் பெயரை வாசித்தேன்... என் வாய் பலித்துவிட்டால்?

மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தாள். பதினாலாவது பற்றவில்லை. இன்னொரு குச்சி கிழித்தாள். திரி கறுத்தது, பற்றவில்லை. மூன்றாவது குச்சியும் அப்படியே. அன்றைக்குக் கொட்டுகிற மழையில் அணைய மாட்டேன் என்றது, இன்றைக்குத் தூறலில் ஏற மாட்டேன் என்கிறது.

வாசித்தாள். பதின்மூன்று வந்தது. போயிற்று.

"த... தனிஸ்லாஸ்..."

யாரும் பதில் சொல்லவில்லை. இலையில் மழை சொட்டும் சத்தம்தான். அவள் பால்மரக் காட்டையே பார்த்தாள். சொல்லுங்களேன்... ஒரு தடவை சொல்லுங்களேன்... உங்கள் ரோஷத்தைக் கொண்டுபோய்க் கடலில் போட! இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்களேன்! அழுகை வந்தபோதுதான் அவளுக்கே விளங்கியது, இத்தனை நாளாய்ப் பயம் என்று தான் பெயர் வைத்திருந்தது பயமே இல்லை என்று.

"இருக்கேன்..."

வாசல் பக்கம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தான். கையில் ஒரு காகிதம். அவளிடம் நீட்டவில்லை. பெண்களுக்கு எதிரே நின்று, தன் குரலிலேயே வாசித்தான்.

"இவங்க யாரும் ஓடல. காய்ச்சல்ல செத்தாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சே மாத்தி எழுதினேன். கன்னையா..."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மெழுகுவத்திகூட உயரவில்லை. அந்த அமைதியில், காட்டுக்குள்ளே எங்கேயோ தூரத்தில், "இருக்கேன்யா" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

எல்லாரும் கேட்டார்கள். கூட வந்திருந்த சாமியாரும் கேட்டார், கையிலிருந்த செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாகையா..." இந்தத் தடவை ஒருத்தி நடுங்கிக்கொண்டே மெழுகுவத்தியைத் தூக்கி, "இருக்கேன்," என்றாள். காட்டுக் குரலும் கூடவே சொன்னது. "பக்கிரிசாமி..." இந்து, வேதக்காரர் என்று யார் பார்த்தார்கள்? மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போயிற்று.

"பதினொண்ணு... இன்னாசி."

மதலேனாள் மெழுகுவத்தியை இரண்டு கையாலும் தூக்கினாள். "இருக்காரு," என்றாள். பிறகு உடைந்துபோய், "எங்கயும் ஓடலைங்க... எங்கயும் ஓடல..." என்று அழுதாள். காட்டிலிருந்து பதில் வரவில்லை. மழை மட்டும் பெய்தது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை.

வெகுநேரம் கழித்து மதலேனாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கிராணியாரே, காய்ச்சலோட ஏன் நனையுறீங்க? இப்படி உள்ள வந்து நில்லுங்க." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, அந்தப் பதினாலாவது பேரை அடிச்சிரு. பொழைச்சுப் போகட்டும்," என்றாள்.

அவன் அழுதது மழையில் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்திக்குத் தெரிந்தது.

அமலோற்பவம் கோடு போட்டாள். பிறகு மெழுகுவத்திகளைப் பொறுக்குகிற சாக்கில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேலை?"

"போச்சு. காலையிலேயே துரைகிட்டச் சொல்லிட்டேன். செக்ரோல் புஸ்தகத்துல என் பேரை அடிச்சுட்டாங்க."

"என்னன்னு எழுதினாங்களாம்?"

"ஓடிவிட்டான்னு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் சிரிப்பு வந்துவிட்டது.

"டீச்சர்..." என்றான். "ஊரே என்னைப் பார்க்காதப்ப நீங்க ஒருத்தர்தான் பார்த்தீங்க. திட்டினீங்க. கோப்பி கொடுத்தீங்க. அன்னிக்கே நான் உங்க ஆளாயிட்டேன். சொல்ல மூஞ்சி இல்ல. என் பேரை இனிமே யாராவது வாசிக்கிறதா இருந்தா... கோயில்ல சாமியார் வாசிக்கட்டும். உங்க பேரோட சேத்து. கலியாண ஓலையில."

அவள் நிமிரவில்லை. காது வரை சூடேறியது. வேலை இல்லை, வீடு இல்லை, உடம்பில் காய்ச்சல் வேறு. இந்த நிலைமையில் பெண் கேட்கிற தைரியத்தைப் பார்!

"அப்பாகிட்ட வந்து கேக்கணும்..."

"கேக்குறேன்."

"ஆகமன காலம் தொடங்கியாச்சு. இப்ப ஓலை வாசிக்க மாட்டாங்க. ஜனவரியில மூணு ராசாக்கள் திருநாள் கழியணும்."

"கழியட்டும்."

"அதுவரைக்கும் காய்ச்சல் கீய்ச்சல்னு எங்கயும் போயிராம, உயிரோட இருப்பீங்களா?" கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கண் இரண்டும் குளமாயிருந்தன.

பதினாலாவது மெழுகுவத்தி அவள் கையில்தான் இருந்தது. அவன் அதை மெல்ல வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இருக்கேன்," என்றான்.