கதவுக்குப் பின்னால் பத்து விரல்கள்!

டிரிங்... டிரிங்...

போன் அலறியபோது பாடலாசிரியர் 'பாட்டு' கண்ணாடி முன் நின்று அழுது பழகிக்கொண்டிருந்தார்.

உடனே எடுக்கவில்லை. முதல் மணிக்கே பாய்ந்து எடுத்தால் காத்திருந்த மாதிரி ஆகிவிடுமே! நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ..."

"ஐயா! தியேட்டர் மேனேஜர் பேசறேன். நம்ம மெட்டு ஐயா... போயிட்டாருய்யா!"

"எங்க போயிட்டாரு? ஒத்திகைக்கா?"

"ஐயோ, செத்துட்டாருய்யா! நெஞ்சு அடைச்சிடுச்சாம். வீட்டுல போலீஸ் வந்திருக்கு..."

போலீஸ் என்ற வார்த்தை மட்டும் காதில் உறுத்தியது. மற்றதெல்லாம் தேன்! "அண்ணே...!" என்று போனுக்குள் ஓர் அலறல் அலறிவிட்டு வைத்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

பழகியதைவிட நன்றாகவே வந்திருந்தது.

பாட்டு, மெட்டு என்பதெல்லாம் நாடக உலகம் வைத்த பட்டப்பெயர்கள். இவர் வரி எழுதுவார், அவர் இசையமைப்பார். முப்பது வருடங்களாக இசை நாடகம் என்றால் போஸ்டரில் இந்த இரண்டு பெயர்களும்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒன்று. மெட்டு பியானோ வாசிப்பதைப் பாட்டு ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை!

மெட்டின் வழக்கம் அப்படி. யாராவது பார்த்தால் ராகம் ஓடிவிடும் என்பார். இசையறைக் கதவு சாத்தியே இருக்கும். பாட்டு வெளியறை நாற்காலியில் உட்கார்ந்து எழுதி, தாளைக் கதவுக்கு அடியில் தள்ள வேண்டும். வரி பிடித்திருந்தால் உள்ளே பியானோவின் கடைசிக் கட்டை இரண்டு முறை ஒலிக்கும்... டொம், டொம். பிறகு இசை பிறக்கும். பிடிக்காவிட்டால் தாள் வந்த வழியே திரும்பி வரும்.

உள்ளே போக அண்ணிக்கு மட்டும் அனுமதி. ஃபிளாஸ்க்கும் கையுமாகப் போவாள். கட்டிய மனைவி, காபி கொடுக்க வேண்டாமா!

போன வாரம்தான் மெட்டு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி... இந்த நாடகத்தோட நிறுத்திக்கலாம். அடுத்ததுக்கு வேற ஒருத்தர் எழுதட்டும்."

"நான் எங்கண்ணே போவேன்?"

மெட்டு இசையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றே பாட்டு முடிவு செய்துவிட்டார். கழற்றிவிடப்பட்ட பாட்டுக்காரனைப் பார்த்து ஊர் சிரிக்கும். கூட்டாளியைப் பறிகொடுத்தவனுக்கோ அதே ஊர் மாலை போடும்!

இன்று காலை நாடகத்தின் கடைசிப் பாட்டோடு மெட்டின் வீட்டுக்குப் போனார். வெளியறை மேஜையில் மெட்டின் மாத்திரை டப்பா. அதே நிறம், அதே அளவு... ஆனால் வேறு வேலை செய்யும் மாத்திரைகளைக் கைக்குட்டையால் பிடித்து மாற்றினார். பாட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினார். டொம் டொம்முக்குக்கூடக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தார்.

*

இப்போது அதே வெளியறை. சோபாவில் வெள்ளைத் துணிக்குக் கீழே மெட்டு. பக்கத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், நிதானமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"காலையில வந்தீங்களா சார்?"

"வந்தேன் மேடம். பாட்டைத் தள்ளிட்டு உடனே கிளம்பிட்டேன். எங்கண்ணன் முகத்தைக்கூடப் பாக்கலையே... கதவு சாத்தியிருந்துச்சே!"

"அழாதீங்க. இந்த டப்பாவுல இருக்கறது டாக்டர் எழுதின மாத்திரை இல்லையாம். யாரோ மாத்தியிருக்காங்க."

"ஐயோ! எந்தப் பாவி?"

"அதான் தெரியல. அவரோடதைத் தவிர வேற கைரேகை இல்ல, சாட்சியும் இல்ல."

பாட்டுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. தைரியமாக மெட்டின் காலடியில் விழுந்தார்.

"அண்ணே! இனிமே என் பாட்டுக்கு யாருண்ணே மெட்டுப் போடுவாங்க?"

டொம்... டொம்!

அழுகை பாதியில் நின்றது.

சாத்திய கதவுக்குப் பின்னால் பியானோ ஒலித்தது. அதே கை! ஒரு கணம் தயங்கிவிட்டுப் பாயும் அதே விரல்கள்! வாசித்ததோ... காலையில் அவர் தள்ளிவிட்டுப் போன பாட்டு. வரிக்கு வரி அச்சாகப் பொருந்தியது.

"மே... மேடம்... உள்ள யாரு?"

"எங்க?"

"பியானோ சத்தம்! கேக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்."

பாட்டு எழுந்தார். வெள்ளைத் துணியை இழுத்தார். மெட்டு அங்கேதான் கிடந்தார். கன்னத்தைத் தொட்டார். ஐஸ்! அந்த நொடியில் பியானோ உச்சத்துக்கு ஏறியது.

"ஒண்ணு விடாம மாத்தி வச்சேனேண்ணே! செத்துட்டு எப்படிண்ணே வாசிக்கிற?"

பியானோ நின்றது.

"இப்ப கேக்குது," என்றாள் இன்ஸ்பெக்டர். "நல்லாவே கேக்குது!"

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் எதுகை மோனையோடு பிழைத்த நுணல். ஆனாலும் கெட்டது.

கதவு திறந்தது. அண்ணி நின்றிருந்தாள். கையில் ஃபிளாஸ்க் இல்லை.

"அண்ணி... நீங்களா?"

"நான்தான். எப்பவுமே நான்தான். அவருக்குப் பியானோவைத் துடைக்கத் தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப... போஸ்டர்ல அண்ணன் பேரு..."

"பொம்பளை பேரைப் போட்டா டிக்கெட் விக்காதுன்னாங்க. அவரு பேரைப் போட்டோம். பொய் வளந்துடுச்சு. எனக்கும் கூட்டத்துல பல்லைக் காட்ட வராது. அவருக்கு அது ஒண்ணுதான் வரும்."

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தாள். "டப்பா பக்கத்துல காலையில உட்கார்ந்தது நீங்க ஒருத்தர்தான்னு தெரியும் சார். நிரூபிக்கத்தான் வழியில்ல. அம்மாதான் ஒரு சின்னக் கச்சேரி வைக்கலாம்னாங்க."

பாட்டு அண்ணி பக்கம் திரும்பினார். "அப்ப... என்னை நிறுத்தச் சொன்னது?"

"நான்! உங்க வரி அலுத்துப்போச்சு, வேண்டாம்னேன். அவருதான் ஒரு வாரமா என் காலைப் பிடிச்சாரு. 'அவன் பாவம்டி, என்னை விட்டா அவனுக்கு யாரு இருக்கா'ன்னு."

"அண்ணி, போதும்..."

"முழுசாக் கேளுங்க. காலையில நீங்க தள்ளின பாட்டைப் படிச்சேன். அசந்துட்டேன். 'சரி, கடைசி வரைக்கும் அந்த ஆளே எழுதட்டும்'னு சொன்னேன். மனுஷன் பச்சைக் குழந்தையாட்டம் குதிச்சாரு! உங்களுக்குப் போன் பண்ண வெளிய ஓடினாரு. சந்தோஷத்துல நெஞ்சு படபடத்துச்சு. 'ஒரு மாத்திரை போட்டுட்டுப் பேசறேன்'னு டப்பாவைத் திறந்தாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாட்டுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் அப்படியே தரையில் சரிந்தார். இந்த முறை பழகாமலே அழுகை வந்தது. பார்க்கத்தான் யாரும் தயாராக இல்லை.

அண்ணி குனிந்தாள். காலையில் வந்த பாட்டுத் தாளைத் தரையில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். தாள் வந்த வழியே திரும்பி வந்தது.

"அண்ணி... அசந்துட்டேன்னு சொன்னீங்களே..."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் பிடிக்கல."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினாள்.

"கிளம்புங்க சார்! போற இடம் உங்களுக்குப் பழக்கமானதுதான். அங்கயும் கதவு சாத்தியேதான் இருக்கும். ஒரே வித்தியாசம்... இந்தத் தடவை நீங்க உள்பக்கம்!"