ஒரு சாண் இடைவெளி

ஒரே காட்சியின் இரண்டு படங்களைச் சேர்த்து ஆழத்தோடு காட்டும் பார்வைப் பெட்டியின் இரண்டு கண்ணாடிகளிலும் கண்களைப் பதித்தபோது மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது: முன்னால் மருந்துப் பாட்டில்கள், சற்றுத் தள்ளித் தண்ணீர்ச் சொம்பு, அதற்கும் பின்னால் மாவுக்கட்டுக்குள் மல்லாந்து கிடக்கும் மனைவி, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல எழும்பி நிற்கும் அவளுடைய மூக்கு. அவளுக்கு அப்பால் இருந்த பச்சைச் சுவர் மட்டும் கட்டிலை நோக்கி ஒரு விரற்கடை புடைத்திருந்தது.

கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். புடைப்பு அப்படியே இருந்தது.

படிக்கட்டில் விழுந்து அவளுக்கு முதுகெலும்பில் விரிசல். மூன்று மாதம் அசையாமல் கிடக்க வேண்டும், ஒரு தடவை புரண்டாலும் பிறகு நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் கட்டிலின் சுவரோரப் பாதியை, தன் பாதியை, காலியாக விட்டுவிட்டு அவன் கூடத்தில் படுத்தான். பகலில் படம் எடுத்தான். பழைய மடிப்புக் கேமராவில் இடக்கண்ணுக்கு ஒன்று. பிறகு சட்டத்தில் அதை இரு கண்களுக்கு நடுவேயுள்ள தூரம் நகர்த்தி வலக்கண்ணுக்கு ஒன்று.

"அசையாத ஆள் வேணும்னா என்னை விட்டா உங்களுக்கு யாரு," என்றாள். "எழுந்து நடக்கற அன்னிக்கு இதெல்லாம் பார்த்துச் சிரிக்கணும். நல்லா எடுங்க."

சுவரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. கேமரா கடைக்காரரிடம் சொன்னான்.

"ரோல் ஃபிலிம் உள்ளே தொப்பை போடும் சார், நம்ம ரெண்டு பேரையும் மாதிரி." மேல் லென்ஸில் பார்த்துக் கீழ் லென்ஸில் எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றை அவர் எடுத்துப் பின்கதவைத் திறந்து காட்டினார். "இந்தத் தகடு இறுக்கிப் பிடிக்கும். ஃபிலிமைச் சுத்தின உடனே தட்டிடுங்க. ஸ்லோ ஸ்லைடு ஃபிலிம் போடுங்க, ஐம்பது வேகம். படத்துல புள்ளி புள்ளியா துளி குருணை தெரியாது. என்ன, நாலு செகண்ட் திறந்து வைக்கணும். அம்மா அசைவாங்களா?"

"அசையக் கூடாது," என்றான்.

அந்த ஃபிலிமில் குருணை இல்லைதான். அவள் இமைமுடிகளை எண்ணலாம். சுவர் நான்கு விரல் புடைத்திருந்தது. புடைப்புக்கு நீளமும் இருந்தது. அவள் நீளம்.

அறைக்குப் போய், காலிப் பாதிக்கு மேலாக எட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். தட்டையாக இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் வெகுநாள் கழுவாத தலையின் வாசனை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போல ஒரு வெதுவெதுப்பு.

"சுவரைத் தடவறீங்க. என்னைத் தடவி ரெண்டு மாசமாச்சு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அன்றைக்கே, அவள் படுத்திருக்க, கட்டிலை அங்குலம் அங்குலமாக இழுத்துச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டான்.

"எதுக்கு இப்போ?"

"சுவர்ல ஓதம் ஏறியிருக்கு."

"பார்த்து. நான் கண்ணாடிச் சாமான்."

இன்னும் ஒரு சமாதானம் பாக்கியிருந்தது: முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஏதோ அசைகிறது. அதையும் அடைக்க, அதே மாதிரி இன்னொரு கேமரா வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினான். உடம்பு பருத்த கேமராக்கள். லென்ஸ்கள் ஒரு சாணுக்குக் கிட்ட வராது. "பூதம் பார்க்கற மாதிரி இருக்கும் சார்," என்று கடைக்காரர் எச்சரித்தார். "நம்ம கண்ணுக்குத் தட்டையா இருக்கறதுகூட அதுல எழும்பி நிக்கும்." நானூறு வேக ஃபிலிம். இரண்டு கேபிள்கள், ஒரே கட்டைவிரல். ஒரே சொடுக்கு. அந்த நேரத்துக்குள் எதுவும் அசைய முடியாது.

படங்கள் வந்தது மறுநாள் பிற்பகல். கூடத்து மேசையில் உட்கார்ந்து முதலில் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். இடப் படத்தில் மனைவி, காலியான வெள்ளை விரிப்பு, சுவர். வலப் படத்திலும் அதேதான்.

இரண்டு கண்களையும் திறந்தான்.

சுவர் தட்டையாக இருந்தது. பல நாட்களாக அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

பிறகு கட்டிலைப் பார்த்தான். தன் பாதியை.

விரிப்பு தட்டையாக இல்லை. அதே வெள்ளை. அதே நீலக் கோடுகள். ஆனால் கோடுகள் ஏறி இறங்கின. தோள். இடுப்பு. மடக்கிய முழங்கால். ஒருக்களித்து, அவள் பக்கம் திரும்பி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு, அவள் காதோரம். மாவுக்கட்டின் மேல் ஒரு கை.

இடக்கண்ணை மூடினான். காலி விரிப்பு. வலக்கண்ணை மூடினான். காலி. இரண்டையும் திறந்தான்.

அறையிலிருந்து அவள் குரல் வந்தது, தூக்கக் கலக்கத்தில்.

"ராத்திரி வந்து படுத்துக்கறீங்களே, டாக்டருக்குத் தெரிஞ்சா திட்டுவார்." சின்னச் சிரிப்பு. "நான் சொல்ல மாட்டேன். இப்பவும் வந்துட்டீங்களாக்கும்."

வாசற்படி வரைக்கும்தான் கால்கள் வந்தன.

அவள் கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் வெறும் விரிப்பு. அவன் கண்களுக்கு வெறும் விரிப்பு. தனியாளாக அவளைத் தூக்க முடியாது. தூக்கினால் முதுகு. தூக்காவிட்டால்.

அவள் மூச்சு ஏறியது. இறங்கியது. அது இறங்கியபோது பக்கத்தில் விரிப்பு ஏறியது.

பிறகு அவளுடைய தோள், அவன் நின்ற வாசல் பக்கத்துத் தோள், யாரும் தொடாமல் படுக்கையை விட்டு எழும்பத் தொடங்கியது. மாவுக்கட்டு சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஏதோ மெல்ல நெரிந்தது.

"மெல்லங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.