திரை ஏற்காத எண்

கணக்கர் நாற்காலியில் உட்காரவே இல்லை. துப்பறிவாளரின் மேசைமேல் இரண்டு தாள்களை, ஒரு விலைப்பட்டியலின் நகலையும் பணம் அனுப்பிய வங்கி ரசீதையும், விட்டெறிந்தார்.

"எனக்கு வேலை திரும்ப வேணாம் சார். முப்பது பேர் முன்னாடி என்னைத் திருடன்னாங்க. இதைச் செஞ்சவன் மூஞ்சில கரி பூசணும். அதைக் கண்ணால பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

அட்டைப்பெட்டிப் பட்டறையில் பதினோரு வருடம் கணக்குப் பார்த்தவர். போன வாரம் ஒரு வெட்டும் இயந்திரத்துக்காக வெளிநாட்டு நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்பினார். பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போய்விட்டது. கோப்பிலிருந்த விலைப்பட்டியலில் உள்ள கணக்கு எண்ணுக்கும் அவர் அனுப்பிய எண்ணுக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். மூன்றுக்குப் பதில் எட்டு. வேண்டுமென்றே மாற்றிக் கூட்டாளிக்கு அனுப்பிவிட்டார் என்று முதலாளியம்மா பட்டறை நடுவில் நின்று கத்தி, அவரை வெளியே தள்ளினார்.

"தாள்ல இருந்ததைத்தான் அடிச்சேன். அப்புறம் யாரோ தாளையே மாத்திட்டாங்க."

துப்பறிவாளரின் மைத்துனர் துள்ளி எழுந்தார். எந்த வழக்கிலும் ஐந்தே நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். என்ன, ஆள்தான் எப்போதும் மாறிப்போகும். "மச்சான், அந்த அம்மாவேதான்!"

"கொஞ்சம் பொறு," என்றார் துப்பறிவாளர். இரண்டு தாள்களையும் நெடுநேரம் பார்த்தார். "கணக்கரே, பட்டறையில வங்கித் திரையில எண் அடிக்கறது யாரு?"

"நான் மட்டும்தான். அம்மா கையெழுத்து போடுவாங்க. அவங்க தம்பி வெளிநாட்டுக் கடிதங்களைப் பாத்துப்பார்."

மறுநாள் காலை பட்டறையின் கண்ணாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். கணக்கரைக் கண்டதும் முதலாளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி காலாட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த விலைப்பட்டியல் உங்களுக்கு இப்படியேதான் வந்ததா?" என்று துப்பறிவாளர் தம்பியைக் கேட்டார்.

"ஆமா சார். மெயில்ல வந்ததை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன்."

"சரி. அந்த எண்ணை நீங்களே திரையில அடிங்க."

தம்பி ஒற்றை விரலால் தட்டித்தட்டி அடித்தான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: செல்லாத எண். மறுபடி அடித்தான். மறுபடியும் சிவப்பு.

"நூறு தடவை அடிச்சாலும் அதான் வரும்," என்றார் துப்பறிவாளர். "இது ஐபான், வெளிநாட்டு வங்கிக் கணக்கு எண். முதல் ரெண்டு எழுத்து நாடு. அடுத்த ரெண்டு இலக்கம் காவல்காரன் மாதிரி. மத்த எல்லாத்தையும் கணக்குப் போட்டு வச்சது. ஒரு இலக்கம் மாறினாலும் கணக்கு இடிக்கும், பணம் நகராது. பணம் போன எண் நல்ல எண். அதுல ஒண்ணை மட்டும் மாத்தின இந்த எண் உலகத்துல எந்த வங்கியிலயும் கிடையாது. அப்போ எந்த நிறுவனமும் இதை அனுப்பியிருக்க முடியாது."

"கணக்கரே மாத்தியிருந்தா?" என்றார் மைத்துனர்.

"தினமும் இந்தச் சிவப்பைப் பாக்கறவர் இந்த முட்டாள்தனத்தைச் செய்யமாட்டார். ஒரு நாளும் எண் அடிக்காத ஆள்தான் செய்வான். காலையில அந்த நிறுவனத்துக்கு போன் பண்ணேன். அவங்க எண்ணே வேற, நாடே வேற. மேடம், சரியான விலைப்பட்டியலை உங்க தம்பி மெயிலுக்குத்தான் அனுப்பியிருக்காங்க. அவர் முதல்ல தன் எண்ணைப் போட்ட தாளைக் கொடுத்தார். பணம் போனதும், பழி கணக்கர் மேல விழட்டும்னு ஒரு இலக்கம் மாத்தின இந்தத் தாளைக் கோப்புல வச்சார்."

தம்பியின் கால் நின்றது. பிறகு அக்காவைப் பார்த்துச் சீறினான். "அப்பா பட்டறையை உன் பேருக்கு எழுதினாரே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? நீ ஒரு நாளாவது நஷ்டத்துல உக்காந்து அழணும்னு நினைச்சேன்!"

முதலாளியம்மா அறைக்கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு கணக்கரிடம் தணிந்த குரலில், "வீட்டு விஷயம். வீட்டோட முடிச்சுக்கலாம். உங்க சம்பளத்தை ரெண்டு மடங்காக்கறேன்," என்றார்.

"என் விஷயத்தை எந்த வீட்டுக்குள்ள வச்சு முடிச்சீங்க மேடம்? என் பொண்ணு பள்ளிக்கூடத்துல திருடன் மகள்னு கேட்டுட்டு வர்றா."

கணக்கர் கதவை விரியத் திறந்தார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியம்மா வாசலுக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "திருடினது கணக்கர் இல்ல. என் தம்பி," என்றார்.

வஞ்சம் தீர்ந்தால் மனம் வெறுமையாகிவிடும் என்பார்கள். கணக்கருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வயிறார உண்டதுபோல் இருந்தது.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல மேடம்," என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."