உனக்குத்தான் முதல்ல வந்துச்சு

அந்தப் பழைய வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கே எனக்கு மனசு சரியில்ல. பேய் பிசாசுன்னு நினைச்சுடாதீங்க. மாடி என் கொழுந்தன் குடும்பத்துக்கு, கீழ் வீடு எங்களுக்குன்னு என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டார், அதான். மாடியில வெளிச்சம், காத்து, பெரிய பெரிய ஜன்னல். கீழ எங்களுக்கு இருட்டும் சுவத்து ஈர வாடையும். கொழுந்தன் மனைவி தன் பொண்ணை இடுப்புல தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறும்போது திரும்பி ஒரு சிரிப்பு சிரிச்சா. அவ பொண்ணும் சிரிச்சுது. மேல நாலு, கீழ நாலு, பச்சரிசி மாதிரி பல்லு.

என் இடுப்புல என் பையன். அவனும் பதிலுக்குச் சிரிச்சான். வாய் நிறைய வெறும் ஈறு.

அந்தப் பொண்ணைவிட இவன் நாலு மாசம் பெரியவன். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

"பொக்கை ராஜா, கீழ் வீடு உனக்குப் பிடிச்சிருக்கா?" படியிலிருந்தே கேட்டா அவ. அதுக்கப்புறம் வீட்டுல எல்லாருக்கும் அவன் பொக்கை ராஜாதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. அவர் ஈறைத் தடவிப் பார்த்தார், எடை போட்டார். "பதினஞ்சு மாசம்தானேம்மா, சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும். ஒன்றரை வயசு வரைக்கும் பொறுங்க, அப்பவும் வரலன்னா டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது லேட்டா முளைச்சுதா?"

"எனக்கு ரொம்ப லேட்டாம்"னார் என் வீட்டுக்காரர், பெரிய பட்டம் வாங்கினவர் மாதிரி சிரிச்சுக்கிட்டு.

"இதையெல்லாம் பொண்ணு பார்க்க வந்தப்பவே சொல்லியிருக்கணும்"னேன்.

அவருக்குத் தொழில் பழைய மரச்சாமானைச் சரி பண்ணி விக்கிறது. முன்னறைதான் பட்டறை. பின்னறையில முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன மரத்தொட்டில் ஒண்ணு கிடந்துச்சு. கம்பி கம்பியா அடைச்ச பக்கம், கனமான மேல்சட்டம், நல்ல தேக்கு. வீட்டுக்காரம்மாவைக் கேட்டா, "அது எங்களுது இல்லம்மா, நாங்க வாங்கும்போதே இருந்துச்சு"ன்னாங்க. ஓசியில கிடைச்சதை விடுவாரா இவர்? தூசி தட்டினப்பதான் பார்த்தோம், மேல்சட்டம் முழுக்கப் பல் தடம். யாரோ ஒரு குழந்தை, முளைக்கிற பல்லு நமநமன்னு அரிக்க, அதைப் போட்டுக் கடிச்சிருக்கு.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அதைப் பார்த்தும் வயிறு எரிஞ்சுது. யார் பெத்த பிள்ளையோ, அதுக்குக்கூடப் பல்லு இருந்திருக்கு.

"இதை ஒண்ணு விடாம தேய்ச்சு எடுத்துடுங்க"ன்னேன்.

அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். தடம் போச்சு. வார்னிஷ் அடிச்சதும் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆச்சு.

ஒரு மத்தியானம். மழை வர்ற மாதிரி வெளிய மூடிக்கிட்டு இருந்துச்சு. பையனைத் தொட்டில்ல தூங்க வெச்சுட்டு அடுப்படியில பாத்திரம் அலசிக்கிட்டிருந்தேன். அப்பதான் பின்னறையிலிருந்து அந்தச் சத்தம்.

கறுக்.

குழாயை மூடினேன்.

கறுக். கறுக்.

போய்ப் பார்த்தா பையன் சுவர்ப் பக்கம் திரும்பி நல்ல தூக்கத்துல இருக்கான். இந்தப் பக்கம் மேல்சட்டம் ஈரமா இருந்துச்சு. எச்சில், நூல் நூலாத் தொங்குது. புளிச்ச பால் வாடை. வார்னிஷ்ல புதுசா ரெண்டு பள்ளம்.

என் வீட்டுக்காரர் வந்து கட்டைவிரலால தடவினார்.

"எலியாங்க?"ன்னேன்.

"எலி இப்படி எச்சில் ஒழுக விடுமா? இது ரெண்டு கீழ்ப்பல்லு. சின்னக் குழந்தைப் பல்லு." தூங்குறவன் வாய்க்குள்ள மெதுவா விரலை விட்டுப் பார்த்தார். ஈறுதான். "இவன் இல்ல"ன்னார். குரல் இறங்கிப் போச்சு. "இதை வெளிய எடுத்துப் போட்டுடுறேன்."

போட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து அவ வந்து நின்னா, இடுப்புல பல்லுக்காரியோட.

"என்னக்கா, பொக்கை ராஜா இன்னும் தூங்கறானா?"

எனக்கு எங்கிருந்து அப்படி வந்துச்சோ! "யாருடி பொக்கை? வந்து பாரு. தேக்குக் கட்டையையே கடிச்சு வெச்சிருக்கான் என் பையன்!"

அவ குனிஞ்சு பார்த்தா. மூஞ்சியில ஈயாடல. "வந்துடுச்சா? வாயைக் காட்டுங்க, பார்க்கலாம்."

"தூங்குற பிள்ளை வாயையா திறப்பாங்க? போடி."

அவ போனதும் என் வீட்டுக்காரர், "எதுக்கு அப்படிச் சொன்னே?"ன்னார். நான் சொன்னதுல என்ன தப்பு? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே! தொட்டிலை எடுக்கவும் விடல நான். சாட்சியை யாராவது தூக்கிப் போடுவாங்களா? பையனைக் கட்டில்ல மாத்திட்டு அந்த மேல்சட்டத்தைத் தடவினேன். "என் சிங்கம்"னேன். "இப்படித்தான் கடிக்கணும்."

தொட்டிலுக்குள்ள யாரோ சந்தோஷத்துல மூச்சை இழுத்த மாதிரி இருந்துச்சு.

காத்துன்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த மத்தியானம் தடம் நாலாச்சு. அப்புறம் எட்டு. நானும் தினம் போய்ப் பார்த்துக் கொஞ்சினேன். மாடியிலிருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பையன் மட்டும் அந்தத் தொட்டில் பக்கமே வர மாட்டேன்னான். தூக்கிட்டுப் போனா என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அதையே முறைச்சுப் பார்ப்பான், தன் இடத்துல வேற யாரோ உக்காந்திருக்கிற மாதிரி. பிள்ளைக்குத் தெரிஞ்சது பெத்தவளுக்குத் தெரியல பாருங்க.

ஒரு நாள் அவ குளிக்கப் போறேன்னு பொண்ணை என்கிட்ட விட்டுட்டுப் போனா. ரெண்டையும் பின்னறைப் பாயில உக்கார வெச்சுட்டுப் பால் காய்ச்சப் போனேன். வீல்னு ஒரு அலறல்.

நான் ஓடுறதுக்குள்ள அவ ஈரத் தலையோட இறங்கி வந்துட்டா. பொண்ணு கையில வட்டமா ஒரு கடி. மேல நாலு, கீழ நாலு.

"உங்க பையன் கடிச்சுட்டான்கா!"

அந்தக் குழந்தை துடிச்சு அழுது. எனக்கோ உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. "பல்லு இருக்கிற பிள்ளை கடிக்கத்தான் செய்யும்"னேன்.

அவ சட்டுனு என் பையன் தாடையைப் பிடிச்சா. வாயைத் திறந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் விரலை ஓட்டினா.

எதுவும் இல்ல.

அந்தக் கடித் தடத்துல எச்சில் இன்னும் காயல.

ஆளில்லாத தொட்டில்லேருந்து, கறுக்.

அவ பொண்ணை வாரிக்கிட்டு மாடிக்கு ஓடினவதான். அப்புறம் பல நாள் கீழ வரவே இல்ல.

அன்னிக்கே என் வீட்டுக்காரர் தொட்டிலைச் சட்டம் சட்டமாப் பிரிச்சு வண்டியேத்தி அனுப்பிட்டார். மறுநாள் மத்தியானம் பின்னறை நிலைக்கால்ல தடம், என் முழங்கால் உயரத்துல. அடுத்தது நாற்காலிக் கை. அப்புறம் சாப்பாட்டு மேசை விளிம்பு.

அது நடக்கப் பழகிடுச்சு.

வேற வீடு பார்த்தோம். கட்டி வெச்ச பெட்டியோட தோல் கைப்பிடியில எட்டுப் பல்லும் பதிஞ்சிருந்துச்சு. பெட்டியை அவுத்துட்டோம். எங்க போனாலும் கூட வரும்னா எதுக்குப் போகணும்?

கொஞ்சுறதை நிறுத்திப் பார்த்தேன். அப்பதான் அது என் பையனோட சாமான் பக்கம் திரும்புச்சு. அவன் பால் டம்ளர் விளிம்பு. அவன் செருப்பு வார். கடைசியா அவன் தலகாணி, கன்னம் படுற இடத்துல. வாயைக் குடுத்து வாங்கிக்கிட்டேன், வேற என்ன? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அதோட பல்லை என் பிள்ளை பல்லுன்னு சொல்லி வெச்சேன். அது நம்பிடுச்சு. நான்தான் அம்மான்னு முடிவு பண்ணிடுச்சு. அப்ப இவன் யாரு? நடுவுல வந்த போட்டிதானே? பொறாமை எப்படி எரியும்னு எனக்கா தெரியாது!

அதனால மறுபடி கொஞ்ச ஆரம்பிச்சேன். நடுங்கிக்கிட்டே கொஞ்சினேன். "என் சிங்கம், என் தங்கம், உனக்குத்தான் முதல்ல வந்துச்சு"ன்னு நிலைக்காலைத் தடவுவேன். தலகாணியை விட்டுட்டு மேசைக்குப் போகும்.

ஒரு நாள் பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல கறுக், கறுக். கரண்டியை வாயில வெச்சேன்.

டிங்.

எத்தனை மாசம் காத்திருந்த சத்தம்! கீழ் உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறைக் கீறிக்கிட்டு வெள்ளையா ஒரு முனை.

மேசைக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்னு போச்சு.

கேட்டுடுச்சு.

"கரண்டி கிண்ணத்துல பட்டுடுச்சு"ன்னேன் சத்தமா. யார்கிட்டயோ சொல்ற மாதிரி. "இவனுக்கு எங்க பல்லு? இவன் பொக்கைதான்."

ரொம்ப நேரம் கழிச்சு, கறுக்.

அதுக்கப்புறம் மரக்கரண்டிதான். அவன் சிரிச்சா முந்தானையால வாயை மூடுவேன். புருஷன் காதோட காதாச் சொன்னேன், அவர் என் தோள்ல முகத்தை வெச்சு அழுதார். மாடிக்குக் கேக்கிற மாதிரி கத்தணும்னு எத்தனை நாள் ஆசைப்பட்டேன்! பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

நேத்து மத்தியானம் மனசு கேக்காம அவளே இறங்கி வந்தா. "அக்கா, எத்தனை நாள் பேசாம இருக்கிறது?"ன்னு பக்கத்துல உக்காந்தா. பையன் என் மடியில இருந்தான். அவளைப் பார்த்த சந்தோஷத்துல, நான் கையைக் கொண்டு போறதுக்குள்ள, வாய் நிறையச் சிரிச்சுட்டான்.

"அக்கா! பல்லு! ரெண்டு பல்லு வந்திருக்குக்கா!"

கை தட்டிக் கத்துறா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு அவளுக்குச் சந்தோஷம். துளி பொறாமை இல்ல. இத்தனை நாள் இவளையா கரிச்சுக் கொட்டினேன்? பாய்ஞ்சு அவ வாயைப் பொத்தினேன்.

"கத்தாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், கத்தாதே."

பின்னறையில சத்தம் நின்னுது.

தப் தப்புன்னு சின்னக் காலடி. வெறுங்கால். அடுப்படியைத் தாண்டி, மேசையைச் சுத்தி வந்துச்சு.

புளிச்ச பால் வாடை அடிச்சுது.

என் பையன் சிரிப்பை நிறுத்தினான். மடியில ஒரு ஓரமா நகர்ந்து உக்காந்தான். இன்னொரு பிள்ளைக்கு இடம் விடுற மாதிரி.

என் இடது தொடைமேல சேலை அழுந்துச்சு. கனம் ஏறி உக்காந்துச்சு.

அவ அதைப் பார்த்தா.

என் பையனோட பிஞ்சுக் கை மெதுவா மேல எழும்புச்சு. அவன் தூக்கல. ஏதோ பிடிச்சுத் தூக்குது. சுண்டுவிரல் நனைஞ்சுது. அவன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உனக்குத்தான்"னேன். "உனக்குத்தான்டா முதல்ல வந்துச்சு. நீதான் மூத்தவன். இவன் உன் தம்பி. தம்பியைக் கடிக்கலாமா?"

பிஞ்சுக் கை கீழ இறங்குச்சு. விரல்ல கடி இல்ல, ஈரம் மட்டும்தான்.

கனம் இறங்கல.

இன்னும் இறங்கல. இதை உங்ககிட்டச் சொல்றப்பவும் என் இடது தோள் நனைஞ்சுதான் இருக்கு. நீங்க எங்க வீட்டுப் பக்கம் வந்தா வாங்க, உக்காருங்க. என் பையன் உங்களைப் பார்த்துச் சிரிப்பான். பல்லைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசிடாதீங்க. பேசித்தான் ஆகணும்னா, முதல்ல என் இடது பக்கம் பார்த்து, "அடேயப்பா, எத்தனை பல்லு!"ன்னு சொல்லிடுங்க.

நேத்து வரைக்கும் எட்டு. இன்னிக்குக் காலையில என் தோள்ல பதிஞ்ச தடத்தை எண்ணிப் பார்த்தேன். பத்து இருக்கு.