நான்காவது பலகை

மூன்று பேர் லைனுக்குப் போனார்கள். மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். மூவரும் தத்தம் பலகையைக் கழற்றிக்கொண்டார்கள். அதன் பிறகும் பம்பு லைன் சுவிட்ச்சின் கைப்பிடியில் ஒரு பலகை தொங்கியது.

சுவிட்ச்சைப் போட வந்த நிலைய ஆபரேட்டர் சிங்காரவேல் அதைக் கண்டபோது அவனுடைய கை கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை மாலையையே இரவாக்கியிருந்தது. துணை மின்நிலையத்தின் கல்நார்க் கூரைமீது நீர் கொட்டும் ஓசைக்கு அடியில் மற்ற லைன்களின் ரீங்காரம் சீராகக் கேட்டது. அனல் நிலையத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரிப் புகையின் கந்தக நெடி, ஈரத்தில் கனத்து, தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. நெய்வேலியில் பிறக்கும் குழந்தைகூடக் கேட்டுப் பழகியிருக்கும் ஓசை ஒன்று மட்டும் இல்லை. சுரங்கத்தின் விளிம்பைச் சுற்றி நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கும் பம்புகள் நின்றிருந்தன. காற்றில் முறிந்த முந்திரிக் கிளை கம்பியின்மேல் விழுந்ததே காரணம். அந்தக் கிளையை அகற்றி, அறுந்த கம்பியைச் சேர்த்துவிட்டுத்தான் சின்னதுரையும் அவருடைய ஆட்கள் இருவரும் இப்போது வந்து சேர்ந்திருந்தார்கள்.

"சின்னதுரை அண்ணே, இது யாரோடது?"

காடாம்புலியூர்க்காரரான சின்னதுரை அந்தப் பகுதியிலேயே மூத்த லைன்மேன். தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"எங்குளுது மூணும் இதோ இருக்குதுங்களே. நெலயத்துல இருக்கிறதே மூணுதான். நாலாவது ஒண்ணு குடுங்க, குடுங்கன்னு நீங்கதான் வருசம் பூரா கேட்டுக்கினு கெடந்தீங்க. வந்துருச்சோ என்னமோ!"

ஆட்கள் சிரித்தார்கள். சிங்காரவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

லைனில் ஏறுகிறவன், மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்து, கைப்பிடியில் சிவப்புத் தகரப் பலகையைத் தன் கையாலேயே மாட்ட வேண்டும். இறங்கி வந்த பின் தன் கையாலேயே கழற்ற வேண்டும். மாட்டியவனைத் தவிர வேறொருவன் அதைத் தொடக் கூடாது. மற்றப் பாதுகாப்புகளெல்லாம் பேச்சளவில் இருந்த அந்த இடத்தில், உயிருக்கு உத்தரவாதமாக எஞ்சியிருந்தது இந்த ஒரு பழக்கமே. ரப்பர் கையுறைகள் இருந்தன. ஆனால், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தன. பார்வையிட வரும் அதிகாரிகள் பார்ப்பதற்காக அவை அங்கே இருந்தன. சாவி ஸ்டோர்க்காரரிடம் இருந்தது. ஸ்டோர்க்காரர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். சுவிட்ச்சின் முன்னால் விரிக்கப்பட வேண்டிய ரப்பர் பாய், பொறியாளரின் அறை வாசலில் கால் துடைப்பதற்குக் கிடந்தது. இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் வலித்திருந்ததே தவிர, வேறொன்றும் நடந்திருக்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான். அது சிவப்புப் பலகையன்று. மண்ணெண்ணெய்த் தகரத்தின் மூடியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரங்கள் பிசிர் பிசிராக இருந்தன. ஆணியால் கீறிய எழுத்துகள்: ஆள் இருக்கு. சணல் கயிற்றால் கைப்பிடியோடு கட்டப்பட்டிருந்த அந்தத் தகரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறை உலர்ந்திருந்தது, கூரை எங்கும் ஒழுகவில்லை.

"காண்ட்ராக்ட் ஆளு யாராவது மேல இருக்காங்களா?"

பம்புகளையும் அவற்றுக்குச் செல்லும் லைனையும் பராமரிக்கும் பொறுப்பு ஓர் ஒப்பந்தக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் மேஸ்திரி சுற்று ஊர்களிலிருந்து தினக்கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து கம்பம் ஏறச் செய்வார். பலகை நிரந்தர ஆட்களுக்குத்தான். கூலி ஆட்களுக்குக் கிடையாது.

"மேஸ்திரி எல்லாத்தயும் மத்தியானமே லாரியில ஏத்தி வுட்டுட்டாருங்க."

"எண்ணிப் பார்த்தாரா?"

"எண்ணுறதா?" சின்னதுரை துண்டை உதறினார். "அவுங்களயா? நல்லாச் சொன்னீங்க போங்க."

தொலைபேசி மணி அடித்தது. சுரங்க நிறுவனத்தின் பொறியாளர் பன்னீர்செல்வம் பேசினார்.

"என்னய்யா, வேலை முடிஞ்சாச்சுன்னாங்க. லைன் ஏன் இன்னும் வரல? நல்ல நேரம் பார்த்துக்கிட்டிருக்கீங்களா?"

"ஒரு பலகை தொங்குது, சார்."

"ஆள் கணக்கு?"

"நம்ம கணக்குல எல்லாரும் வந்தாச்சு, சார்."

"அப்புறம் யார் கணக்குய்யா பாக்கி?"

சென்ற கோடையில் இதே லைனில் ஒரு கூலி ஆள் கருகிப் போனான். உடலைப் பண்ருட்டிப் பக்கமாக லாரியில் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் கேள்வி. பெயரைச் சொல்வதற்கு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கையுறை அணியாதது அவனுடைய குற்றம் என்று முடிவு செய்யப்பட்டது. அவனுக்கு முன்னால் இந்த லைனில் கருகியவர்களுக்கும் அதே முடிவுதான். அப்போது சிங்காரவேல் பணியில் இல்லை. இப்போது இருந்தான்.

"லைனை ஒருதரம் பார்த்துட்டு வரச் சொல்றேன், சார். பார்த்ததும் போட்டுடறேன்."

"பாருங்க, பாருங்க. அதுக்குள்ள சுரங்கத்துல மீன் புடிக்கலாம்."

சின்னதுரை முணுமுணுத்துக்கொண்டே டார்ச் விளக்கோடு கிளம்பினார். மற்ற இருவரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அவர் திரும்பி வந்தபோது முணுமுணுப்பு இல்லை. வாசலுக்கு உள்ளே காலெடுத்து வைக்கவும் இல்லை.

"வாய்க்கா வரைக்கும் போனங்க. மேல யாரும் இல்ல. டார்ச் அடிச்சிப் பாத்துட்டன்."

"நல்லதாப் போச்சு."

"கம்பத்துல கைய வச்சன், சார்." தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "யாரோ மேல ஏறிக்கினு இருந்தா அதிரும் பாருங்க, அந்த மாதிரி அதிருது."

"காத்தா இருக்கும், அண்ணே."

"காத்து இப்பிடி அடி அடியா ஏறாதுங்க. ஒரு கம்பமா இருந்தா நானும் வுட்டுருப்பன். தொட்ட கம்பமெல்லாம் அப்பிடித்தான்." மிதிவண்டியைத் திருப்பினார். "நான் வூட்டுக்குப் போறன். நீங்க போடுறதுன்னா போடுங்க, வேணாம்னா வேணாம். என்னய மட்டும் கேக்காதீங்க."

அவர் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது போலிருந்தது.

சிங்காரவேல் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுடைய நியமனம் இன்னும் தற்காலிகந்தான். நிரந்தர உத்தரவு வந்தால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். சேத்தியாத்தோப்பில் மைத்துனன் வீட்டில் ஓர் அறையில் ஒடுங்கிக் கிடக்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்துவிடலாம். உத்தரவுக்குப் பரிந்துரை செய்ய வேண்டியவர்களுள் பன்னீர்செல்வமும் ஒருவர். கைப்பிடியை மேலே தள்ளினால் போதும். தள்ளி, லைனில் ஒரு மனிதன் இருந்தால்? தள்ளாமலிருந்து, ஒருவனும் இல்லாவிட்டால்? யார் மேலே இருக்கிறார்கள் என்னும் எளிய கேள்விக்கு விடை சொல்ல முடியாத ஓர் ஏற்பாட்டை ஏற்பாடு என்று எப்படி அழைக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க, அச்சத்தை மீறி அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் சிமெண்டுத் தரையில் ஒரு கோடாக நீண்டு, அவனுடைய செருப்பைத் தொட்டது. செருப்பை விலக்கிக்கொண்டான். நீரில் ஈரத் துணியின் வாடை இருந்தது. அதற்கு அடியில் மயிர் பொசுங்கிய வாடையும் இருந்தது. மின்விசிறி நின்றிருந்தது, சன்னல்கள் சாத்தியிருந்தன, ஆயினும் தகர மூடி மெல்ல மெல்லப் பக்கவாட்டில் ஆடி, கைப்பிடியின் இரும்பில் உரசி, மீண்டும் விலகி, மீண்டும் உரசியது. அப்போதுதான் வெளியிலிருந்து அந்த ஓசை வந்தது. இரும்பில் ஸ்பேனர் படும் ஓசை. வாய்க்கால் பக்கம். வெகு தொலைவில்.

மணி அடித்தது. அவன் துள்ளி எழுந்தான். சுரங்கத்து விளிம்பிலிருந்து பம்பு ஆபரேட்டர் சாமிக்கண்ணு பேசினார்.

"சார், சுரங்கத்து அடித்தட்டு பெஞ்சு தண்ணியில முழுவிட்டுது. மிசின எல்லாம் மேல இழுத்துக்கினு இருக்காங்க. எப்ப வரும் லைனு?"

"அங்கேயிருந்து கம்பமெல்லாம் தெரியுதா? யாராவது இருக்காங்களா, பாருங்க."

"இந்த மழையில என் மூக்கே எனக்குத் தெரியலீங்க."

மறுபடியும் ஸ்பேனர். இம்முறை சற்று அருகில். இன்னொன்று, அதற்கும் அருகில். ஒன்றுக்கொன்று பொருந்தாத தாளத்தில், அவரவர் வேலையை அவரவர் செய்யும் ஆட்களைப் போல. அவன் காதைப் பொத்திக்கொண்டான். கையை எடுத்தான். இருந்தது.

கயிறு விறைத்திருந்தது. ஒரு தகர மூடியின் எடைக்கு அப்படி விறைக்காது. முடிச்சு இறுகியது. இழை ஒன்று தெறித்தது. கைப்பிடி கீழ்நோக்கி இழுபட்டு மிக மெல்ல முனகியது.

யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

பன்னீர்செல்வம் சாம்பல் நிற மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். அவருடைய பூட்ஸிலிருந்து செம்மண் சேறு தரையெல்லாம் அப்பியது.

"எங்கேய்யா அந்தத் திருவாளர் பலகை?"

"தொடாதீங்க, சார். மாட்டினவங்கதான்—"

"மாட்டினவனைக் கூப்பிடு. நான் பேசிக்கறேன்." சுற்றுமுற்றும் பார்த்தார். "வரமாட்டேங்கறானா? பாவம், ஓவர்டைம் போல."

"சார், ஆள் இருக்காங்க. சத்தம் கேக்குது, கேளுங்க."

அவர் கேட்கவில்லை. தகரத்தைப் பற்றி இழுத்தார். கயிறு அறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் இழுத்தார். கயிறு அறுந்த நொடியில் வெளியே எல்லா ஸ்பேனர்களும் ஒருசேர நின்றன. மூடியை மேசைமீது வீசிவிட்டு, கைப்பிடியை மேலே தள்ளினார்.

மீட்டர்க் கண்ணாடிக்குள் முள் எழுந்தது, சற்று நடுங்கியது, நிலைத்தது. தொலைவில், ஒன்றன்பின் ஒன்றாக, பம்புகள் உறுமத் தொடங்கின.

"பார்த்தீங்களா?" அவர் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "எவன் செத்தான்? காலைல ஆபீசுக்கு வாங்க. உங்க பர்மனென்ட் சங்கதியை அங்க பேசிக்கலாம்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. சிங்காரவேல் நின்ற இடத்திலேயே நின்றான். ஒருவரும் சாகவில்லை. அவ்வளவு நேரமும் ஒரு தகர மூடிக்காக அவன் வாதாடியிருக்கிறான். வேலை போயிற்று, வீடு போயிற்று. வெட்கத்தில் காது சுட்டது. அழுகை வரும்போலிருந்தது. ஜீப் உயிர்பெறும் ஓசை கேட்டது.

அது நகரும் ஓசை கேட்கவில்லை.

என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. முகப்பு விளக்கின் ஒளி சன்னல் வழியே விழுந்து, எதிர்ச் சுவரில் அசையாமல் கிடந்தது. மழையின் சாய்வான நிழல் மட்டும் அதில் ஓடியது. அவன் காத்திருந்தான். பிறகு, முற்றத்திலேயே, சுவருக்கு அப்பாலேயே, ஒரு ஸ்பேனர் இரும்பைத் தட்டியது.

மணி அடித்தது.

"சார், பம்பு ஓடுது. நீங்க நல்லா இருக்கணும்." சாமிக்கண்ணுவின் குரலில் மகிழ்ச்சியும் தயக்கமும் கலந்திருந்தன. "மழ கொஞ்சம் வுட்டுருக்குங்க. கம்பமெல்லாம் தெரியுது. ஆனா, லைன்ல இன்னும் வேல பாத்துக்கினு இருக்காங்களே. கரண்டு வந்துட்டது அவுங்குளுக்குத் தெரியுமா?"

சிங்காரவேல் ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

"எத்தனை பேரு?"

"கம்பத்துக்கு ஒருத்தருங்க."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. அவன் சுவிட்ச்சுக்கு ஓடினான். கைப்பிடியைப் பற்றிக் கீழே இழுத்தான். வரவில்லை. உடம்பின் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டான். அசையவில்லை. இரும்பு ஈரமாக இருந்தது; வெதுவெதுப்பாக இருந்தது. விட்டுவிட்டான்.

சன்னல்.

மின்னல் வெட்டியது. கம்பங்கள் சுரங்கத்தை நோக்கி வரிசையாகப் போயின. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் உருவம். இடுப்புத் துண்டு. வெற்றுக் கால். வெற்றுக் கை. பதினோராயிரம் வோல்ட் ஓடும் கம்பியை, பழகிய மாட்டின் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் வேலை செய்தார்கள். மழை பட்ட இடமெல்லாம் அவர்களுடைய உடம்பிலிருந்து ஆவி எழுந்தது.

இருள்.

கீழே, ஜீப். கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை.

மீண்டும் மின்னல். முற்றத்துக் கம்பத்தின் உச்சியில் சாம்பல் நிற மழைக்கோட்டு படபடத்தது. பூட்ஸ் கால்கள் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. பன்னீர்செல்வத்தின் தலை பின்னுக்குச் சாய்ந்திருந்தது. வாய், கிழிந்துவிடும் அளவுக்குத் திறந்திருந்தது. அதற்குள் மழை விழுந்துகொண்டிருந்தது. சத்தம் ஏதும் வரவில்லை. கைகள் மட்டும், அவற்றுக்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லாதது போல, கம்பியைப் பற்றி, ஒரு மரையை எடுத்துப் பொருத்தி, நிதானமாக முடுக்கின.